ஈட்டியின் கழுத்து

பேன் நசுங்கினால் வருமே, அந்த அளவுதான் இருந்தது சத்தம்.

நான் துருத்தியிலிருந்து கையை எடுத்தேன். என் கணவர் கிமிரெய் குறட்டில் பிடித்திருந்த ஈட்டி அலகு கொழுப்புத் தொட்டிக்குள் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. இருபது வருடம் சம்மட்டி அடித்ததில் ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியாகவும் போய்விட்டது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இரும்பைப் பற்றி எங்கள் வாயால் கெட்டது சொல்லக் கூடாது. கொல்லன் வீட்டுச் சொல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். உடையும் என்று சொன்னால் உடையும். எங்களுக்கு அது தொழில் ஒழுக்கம். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது பயம். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் கொல்லன் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. எடுத்தால் சிங்கம் பட்டியைத் தேடி வரும் என்பார்கள். அப்போது எங்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் 'மேட்டுக்கு அந்தப் பக்கம்' என்று மட்டும் சொல்வார்கள்.

நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். கிமிரெய்க்குப் புரிந்தது. அலகு முடிந்து, மரக் கைப்பிடி செருகும் குழல் தொடங்கும் இடம்தான் ஈட்டிக்குக் கழுத்து. குத்தும்போது மொத்த பாரமும் அங்கேதான் வந்து நிற்கும். அவர் அலகை வெளியே எடுத்துத் துடைத்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினார். முழங்காலில் வைத்து வளைத்தார். அது வளைந்து திரும்பி வந்தது. என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

அதன்பிறகு மூன்று நாள் அதைக் கல்லில் தேய்த்தார். கைப்பிடி போட்டார். பின்பக்கத்து நீளக் கம்பியையும் செருகினார். மூன்றாம் நாள் அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது அலகை நகத்தால் சுண்டினேன். நல்ல ஈட்டி சுண்டினால் மணிபோல இழுத்துக்கொண்டு பாடும். இது 'தொக்' என்று நின்றது. தண்ணீர் நிறைந்த குடுக்கையைத் தட்டியதுபோல. அவர் வந்ததும் மறுபடி சுண்டினேன். அவர் தன் பாதிக் காதை அலகின் மேலேயே வைத்துக் கேட்டார். ஈட்டியைத் துருத்திக்குப் பின்னால் மூலையில் சாத்திவைத்தார். பிரித்து மறுபடி உலையில் போட வேண்டியவற்றை வைக்கும் இடம் அது.

அதைப் பிரிக்க மறுநாள் நேரம் கிடைத்திருக்கும். ஆனால் அன்று காலையிலேயே அவர் கைப்பிடிக்கு மரம் வெட்ட ஆற்றுப் பக்கம் போனார். அந்த நேரத்தில் லெதுயா வந்தான்.

கூடவே சபோரேயும் வந்தான். இரண்டு பேரும் மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பட்டியைச் சேர்ந்தவர்கள். இளவட்டங்கள். தலைமுடியில் காவி காயவில்லை. முந்தின இரவு சிங்கம் வேலியைத் தாண்டி லெதுயாவின் அம்மாவுடைய சினைப்பசுவைத் தூக்கிவிட்டது என்று சபோரே சொன்னான். சிங்கம் ஓடைக்கரைப் புதரில் படுத்திருக்கிறது. நாளைக்குக் காட்டிலாகா ஜீப் வந்துவிடும். வந்தால் வேட்டைக்கு விடமாட்டார்கள். ஆகவே இன்று வெயில் சாய்ந்ததும் ஏழு பேர் போகிறார்கள்.

"என் ஈட்டி தயாரா அக்கா?" என்றான் லெதுயா. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன் அந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சபோரே துருத்திக்குப் பின்னால் பார்த்துவிட்டான். "அதோ நிக்குதே. கல்யாணப் பொண்ணு மாதிரி ஒளிஞ்சிட்டு."

லெதுயா இடுப்பிலிருந்து காவி குழைத்த கொழுப்புச் சிமிழை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டான். எங்களிடமிருந்து இரும்பை வாங்குகிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். வெறும் கையால் வாங்கினால் எங்கள் கை அவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும். பூசிய பிறகு அந்த இரும்பை நாங்கள் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அது மறுபடி நெருப்புக்குள் போய் வர வேண்டும்.

அவன் ஈட்டியை அடி முதல் நுனி வரை உருவினான். அலகு முழுவதும் சிவந்து பளபளத்தது. கழுத்தில் கொழுப்பு கொஞ்சம் தங்கி நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரமுடியாது என்று சொல்லியிருக்கலாம். சிங்கத்துக்குப் போகிறவனுக்குக் கொல்லன் வீட்டுப் பெண் ஈட்டியை மறுத்தால் அதுவே சாபம்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அப்படி என் அப்பா ஒருமுறை சொன்னார். நான் துருத்தி அழுத்தும் உயரத்தில் இருந்தபோது ஒருவன் ஈட்டி வாங்க வந்தான். "தம்பி, இத எடுக்காத. கழுத்து சரியில்ல" என்றார் அப்பா. அவன் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான். காட்டெருமை அவனைக் குத்தியபோது ஈட்டி கழுத்தில் முறிந்திருந்தது. அவன் வயசுக்காரர்கள் பதினோரு பேர் வந்தார்கள். நீ சொன்னதால்தானே முறிந்தது என்று கேட்டார்கள். துருத்தித் தோலைக் கிழித்தார்கள். அப்பாவின் வலது கையைப் பட்டடையில் வைத்து, அவருடைய சம்மட்டியாலேயே அடித்தார்கள். அதற்குப் பிறகு அப்பா இடது கையால் சாப்பிட்டார்.

அதனால் நான் சொல்லவில்லை. லெதுயா போய்விட்டான்.

போன பிறகு யோசித்தேன். அவன் செத்துப்போவான். அவன் செத்தால் ஏன் உடைந்தது என்று கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வராவிட்டாலும் அவன் செத்துப்போவான். நான் ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஈட்டியை அவன் கையிலிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

வழி ஒன்றுதான் இருந்தது. நான் அதைத் தொட வேண்டும்.

லெதுயாவின் அம்மா ஒரு மணி கேட்டிருந்தாள், கழுதைக்குக் கட்ட. அது செய்து முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். நடக்கும்போது சத்தம் வந்தால் நான் வருவது தெரிந்துவிடும் என்று உள்ளே புல்லை அடைத்தேன்.

மேடேறி இறங்கிப் பட்டிக்குள் போனபோது உச்சிவெயில். மாடுகள் மேயப் போயிருந்தன. வேலியில் ஒரு இடம் புதிதாக முள் வெட்டி அடைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே மண் கறுத்திருந்தது, ஈ மொய்த்தது. இளவட்டங்கள் லெதுயாவின் அம்மா வீட்டுக்குள் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஏழு ஈட்டிகள் மண்ணில் குத்தி நின்றன.

ஏழில் ஐந்து கிமிரெய் அடித்தவை. எல்லாம் ஒரே நீளம். எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கொழுப்பு. எது அது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

முதல் ஈட்டியைச் சுண்டினேன். பாடியது. இரண்டாவதும் பாடியது. உள்ளே யாரோ சிங்கத்தின் வாலைப் பற்றி ஒரு கதை சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது பாடியது. நான்காவது 'தொக்' என்றது. கையை விரித்து அதன் கழுத்தை இறுகப் பிடித்தேன். என் விரல்கள் கொழுப்பில் ஐந்து கறுப்புக் கோடாகப் பதிந்தன. விட்டுவிட்டு நின்றேன். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள் பார்க்க வேண்டும், அதற்காகத்தானே வந்தேன்.

தாழ்ந்த வாசலில் குனிந்து முதலில் வெளியே வந்தவன் சபோரே.

"என்ன கரிக்கை, எண்ணிப் பாக்குறியா? ஏழும் இருக்கா?"

மற்றவர்களும் வந்து நின்றார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"கை பட்டுடுச்சு" என்றேன்.

"வாசல்ல நிக்கிற ஈட்டி தானா வந்து கையில பட்டுச்சாக்கும்."

அவன் என் இடது காதின் மேல் அறைந்தான். காதுக்குள் ஒரு தோல் கிழிந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, ஆழமான பானைக்குள் தலையை விட்டதுபோல ஒரு இரைச்சல் மட்டும்.

"அடிச்ச கைக்கும் கொழுப்பு பூசிக்கடா" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சபோரே சிரிக்காமல் நிஜமாகவே சிமிழைத் திறந்து பூசிக்கொண்டான்.

பிறகு பஞ்சாயத்து தொடங்கியது. முதல் மூன்று ஈட்டிகளின் கொழுப்பிலும் என் நகத் தடம் மட்டும் இருந்தது. நகம் கையில் சேர்த்தியா இல்லையா? முதல் ஈட்டிக்காரன் நகம் கை இல்லை என்று சத்தியம் செய்தான். முடி தலை ஆகுமா, கொம்பு மாடு ஆகுமா என்று கேட்டான். வெயில் சாயப்போகிறது. எவனுக்கும் ஈட்டி இல்லாமல் நிற்க மனமில்லை. நகம் கை இல்லை என்று முடிவானது. நான்காவதில் விரல் தடம் இருந்தது. அதற்கு மட்டும் வாதம் எடுபடவில்லை.

லெதுயா கையில் ஒரு தோல் துண்டைச் சுற்றிக்கொண்டு தன் ஈட்டியைப் பிடுங்கினான். என்னை வேலி வரை வரும்படி கண்ணால் சொன்னான். நான் பின்னால் போனேன். அவன் மெதுவாகப் பேசினான். வலது காதைத் திருப்பிக் கேட்டேன்.

"அக்கா. நீங்க ஏன் அதைத் தொட்டீங்க?"

"கை பட்டுடுச்சு."

"நாலாவதா நின்னதையா? என்னுது எதுன்னு நானே மறந்துட்டேன்."

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டிவரும், சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

"வீட்ல வேற ஈட்டி இருக்கா?"

இருந்தது. வீட்டுக்குள் தொங்கியது, தூரத்துப் பட்டி ஒன்றுக்காகச் செய்தது. எங்கள் கூரைக்குக் கீழே அவர்கள் வரமாட்டார்கள் என்பதால் காலையில் அவன் கண்ணில் படவில்லை.

"இருக்கு" என்றேன்.

"நல்லதா?"

நான் அதைச் சுண்டிப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இது அவன் கையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

"நல்லது" என்றேன்.

அன்று இரும்பைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் பல் தெரியச் சிரித்தான். மேட்டை நோக்கி ஓடினான். அவர்கள் ஓடினால் நாய்கூடப் பின்னால் நின்றுவிடும்.

லெதுயாவின் அம்மா அதுவரை வீட்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். இப்போது வந்து, குடுக்கையை உயரப் பிடித்து என் காதில் தண்ணீர் ஊற்றினாள். மணியைக் கொடுத்தேன். கையில் கொழுப்பைத் தடவி வாங்கினாள். ஆட்டிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுப் புல்லை எடுத்தாள்.

"மணிக்கு ஏன்டி வாயக் கட்டின?" என்று சிரித்தாள். பிறகு, "உன்ன மாதிரியே இருக்கட்டும்னா?" என்றாள்.

எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. காது வலித்தது.

வேலியோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தலை சுற்றுவது நின்றதும் மெல்ல நடந்தேன். மேட்டின் மேல் வரும்போது லெதுயா எதிரே திரும்பி ஓடி வந்தான். கையில் புது ஈட்டி. என்னைக் கடக்கும்போது அதை உயர்த்திக் காட்டினான். வெயில் அலகில் பட்டுக் கண் கூசியது.

வீட்டில் கிமிரெய் பட்டடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்த ஈட்டி இரண்டாகக் கிடந்தது. கழுத்தைப் பட்டடை விளிம்பில் வைத்து ஒரு அடிதான் அடித்தாராம். என் காதில் ரத்தம் வழிந்திருந்ததைப் பார்த்தார். எழுந்து வந்து தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். முறிந்த இரும்பு ஊமை. அதைப் பற்றி எதுவும் பேசலாம்.

"உன் காதுதான் சரி" என்றார். "பாரு."

கையில் வாங்கிப் பார்த்தேன். முறிந்த முகம் முழுவதும் உப்புக்கல் போல மினுங்கியது. ஒரு ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்குக் கறுப்பு.

புதிதாக முறிந்த இடம் மினுங்கும். கறுத்திருந்தால் அந்த இடம் உலைக்குப் போவதற்கு முன்பே பிளந்திருக்கிறது என்று அர்த்தம். பிளவுக்குள் சூடும் காற்றும் போய் அதைக் கறுக்க வைத்திருக்கின்றன. நான் கேட்ட சத்தம் பிளவு பிறந்த சத்தம் இல்லை. ஏற்கெனவே இருந்தது வளர்ந்த சத்தம்.

இந்த இரும்பு ஏரியிலிருந்து சோடா உப்பு ஏற்றிப்போகும் லாரியிலிருந்து வந்தது. சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் ஒரு லாரிப் பட்டை. நடுவில் போல்ட்டு மாட்டும் ஓட்டை இருக்கும். லாரி குதிக்கும்போதெல்லாம் பட்டை அந்த ஓட்டையில்தான் நோகும்.

"இத எங்க வெட்டினீங்க?"

"எப்பவும் வெட்டுற இடம்தான். நடு ஓட்டையில. பாதி பாதியா."

"கழுத்து எந்தப் பக்கம் வந்துச்சு?"

"ஓட்டைப் பக்கம்." அவர் குரல் இறங்கியது.

"இன்னொரு பாதி?"

அவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குள், காலியாக இருந்த கொக்கியைப் பார்த்தார்.

"குடுக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டினேன்" என்றார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்."

நான் ஓடினேன். அவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. ஒருவேளை அந்த ஈட்டியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் பிளந்திருக்கலாம். சுண்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். சுண்டாமல் எனக்குத் தெரியாது. நான் அதை நல்லது என்று சொல்லியிருந்தேன்.

மேட்டின் உச்சிக்கு வந்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் பட்டியை விட்டுக் கிளம்பிச் சமவெளியில் பாதி தூரம் போயிருந்தார்கள். ஏழு சிவப்புப் புள்ளிகள், ஒன்றின் பின் ஒன்று. ஏழு மினுக்கங்கள். அவர்களுக்கு முன்னால் ஓடைக்கரைப் புதர் கறுப்பாக நீண்டு கிடந்தது. அதன் மேல் கழுகுகள் இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே சிங்கம் இருந்தால்தான் அவை இறங்காமல் இருக்கும்.

காற்று என் முகத்தில் அடித்தது. அங்கிருந்து இங்கே. நான் கத்தினால் சத்தம் பின்னால்தான் போகும். அது தெரிந்தும் கத்தினேன்.

"லெதுயா! உடையும்! அந்த ஈட்டி உடையும்!"

யாரும் திரும்பவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு மறுபடி கத்தினேன். உடையும், உடையும் என்று எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது. என் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

தொண்டை அடைத்துப்போய்த் திரும்பியபோது அவள் நின்றிருந்தாள்.

லெதுயாவின் அம்மா தண்ணீர் எடுத்துவிட்டு வந்திருந்தாள். மேட்டுக்குக் கீழே, காற்று போகும் பக்கம்தான் ஊற்று. அவள் கழுதை பக்கத்தில் நின்று தலையை ஆட்டியது. அதன் கழுத்தில் நான் கொடுத்த மணி. அது வழி முழுக்க அடித்துக்கொண்டுதான் வந்திருக்கும். என் இடது பக்கமாக வந்திருக்கிறாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் வர இன்னும் நேரம் ஆகும். உதடு வெளுத்திருந்தது.

"என்ன சொன்ன?" என்றாள்.

நான் சமவெளியைக் கைகாட்டினேன்.

"என் பையன் கையில இருக்கற ஈட்டியப் பத்தி என்னடி சொன்ன?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிப் பட்டை, நடு ஓட்டை, கறுப்பு. அவனைத் தடுக்கத்தான் ஓடி வந்தேன் என்று சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வந்த வேறு எந்த வார்த்தையும் அவளுக்குள் போகவில்லை. ஒரு வார்த்தைதான் போயிருந்தது.

கழுதையின் கயிற்றை விட்டுவிட்டு அவள் கிட்டே வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், வெறும் கையால். கொழுப்பைத் தேடவில்லை. என்னைச் சமவெளியின் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"உடையாதுன்னு சொல்லு."

"அம்மா..."

"சொல்லு. உன் வாய்தான சொல்லுச்சு? அதே வாய் சொல்லட்டும்."

"உடையாது" என்றேன்.

"அவனுக்குக் கேக்குற மாதிரி."

"உடையாது!"

"இன்னொரு தடவ."

ஏழு புள்ளிகளும் புதரை நெருங்கி, கோத்த மாலைபோல வளைந்து விரிந்தன. எது லெதுயா என்று அங்கிருந்து தெரியவில்லை. அவள் பிடி இறுகிக்கொண்டே போனது. மேட்டின் இந்தப் பக்கம் கிமிரெய் ஏறி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உடையாது, உடையாது. ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும் வலது காதைப் புதரின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.